சுற்றிச் சென்ற சாலைகள்: கோமுகிக் கரையிலிருந்து வெள்ளிமலை வரை

வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி தமிழ். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே வரும் வறிய கலைஞரிடம் தாம் சென்ற ஊரையும் அதற்குப் போகும் பாதையையும் அங்குள்ள வள்ளலின் இயல்பையும் எடுத்துச் சொல்லி அனுப்பிவைக்கும் முறையில் அமைந்த பாடல்கள் ஆற்றுப்படை எனப்படுகின்றன. அவற்றுள் மலைப்பாதையை மிக நுணுக்கமாகப் பேசுவது, பத்துப்பாட்டின் இறுதி நூலாகிய மலைபடுகடாம். செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் இந்த 583 அடிப் பாடலில், இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், தினைப்புனத்தில் காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி, காவலர் பரண்மேல் நின்று வீசும் கவண்கல், பாம்பு கிடக்கும் குழி, பாசி படிந்து வழுக்கும் பாறை என ஒவ்வோர் இடரையும் குறித்து, அதைக் கடக்கும் முறையையும் கூறுகிறார். அந்தச் செங்கத்துக்குத் தெற்கே, தென்பெண்ணைக்கு அப்பால் எழுந்து நிற்பது கல்வராயன் மலை. நன்னனின் மலைக்கு வழி சொன்ன தமிழில், இந்த மலைக்குப் போகும் வழியைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. அதற்குக் காரணம் நிலவமைப்பிலேயே இருக்கிறது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், ஏறத்தாழ 1,095 சதுர கி.மீ. பரப்பில், இன்றைய கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களிலும் அவற்றை அடுத்த எல்லைப் பகுதிகளிலும் விரிந்து கிடக்கிறது. வடபகுதி சின்னக் கல்வராயன்; அதன் சராசரி உயரம் 800 மீட்டரை ஒட்டியது. தென்பகுதி பெரிய கல்வராயன். அங்கே மேட்டுநிலம் 1,200 மீட்டர் வரை எழுகிறது. இம்மலைக்கு வடக்கே, சவ்வாது மலைக்கும் இதற்கும் நடுவில் செங்கம் கணவாய். தெற்கே, பச்சைமலைக்கும் இதற்கும் நடுவில் ஆத்தூர்க் கணவாய். கர்நாடக மேட்டுநிலத்தையும் கிருஷ்ணகிரி – தருமபுரி வட்டாரமான பாராமகாலையும் கீழைக் கடற்கரையோடு இணைத்த போக்குவரத்து இந்த இரு வாயில்கள் வழியாகவும் நடந்தது. 1767-இல் முதலாம் ஆங்கிலேய – மைசூர்ப் போரில் ஹைதர் அலியின் படையும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையும் மோதிக்கொண்ட களங்களுள் ஒன்று செங்கம். ஆத்தூர்க் கணவாயின் மேற்கு முனையை ஆத்தூர்க் கோட்டை காத்தது. கிழக்கே, கள்ளக்குறிச்சிக்கு அருகிலுள்ள தியாகதுருகத்தின் குன்றுக்கோட்டை அதே நூற்றாண்டுப் போர்களில் கைமாறிக்கொண்டே இருந்தது. பின்னர் ரயில் வந்தபோது அதுவும் சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலத்துக்கே சென்றது. இன்றைய சேலம் – உளுந்தூர்பேட்டை நான்குவழிச் சாலை தென்புறக் கணவாயையும், கிருஷ்ணகிரி – திருவண்ணாமலை – திண்டிவனம் சாலை வடபுறக் கணவாயையும் பின்பற்றுகின்றன.

இரண்டு பெருவழிகளுக்கு நடுவில் இருந்தும் இரண்டாலும் தொடப்படாத நிலம் கல்வராயன். படைகளும் வணிகரும் அரசுகளும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மேலே ஏறவேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலைக்கு ஏறத்தாழ 40 கி.மீ.தான். அந்த 40 கி.மீ. தூரத்தை ஆட்சியும் சட்டமும் கடக்க எடுத்துக்கொண்ட காலத்தை வைத்துத்தான் இச்சாலையை அளக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தூரத்தால் அளக்கப்படும் சாலை எப்படியிருக்கும் என்பதற்கு, ஆற்றுநாட்டிலிருந்து வறண்ட உள்நாட்டுக்குச் செல்லும் ஓர் ஆஸ்திரேலியச் சாலையைப் பார்க்கலாம். மர்ரே ஆற்றின் கரையிலுள்ள மில்டுராவில், 1887 முதல் சாஃபி சகோதரர்கள் இயந்திரத்தால் நீரேற்றித் திராட்சைத் தோட்டங்களை உருவாக்கினார்கள். அங்கிருந்து, மர்ரேயும் டார்லிங்கும் கூடும் வென்ட்வொர்த்தைக் கடந்து, 1883-இல் வெள்ளி – ஈயக் கனிமம் கண்டறியப்பட்ட புரோக்கன் ஹில் வரை செல்லும் ஏறத்தாழ 300 கி.மீ. சாலையில், பழத்தோட்டம் முடிந்த சிறிது தொலைவிலேயே உப்புப்புதரும் செம்மண்ணும் தொடங்கிவிடுகின்றன. அங்கே மனிதரைப் பிரித்துவைத்தது தூரமும் மழையின்மையும். கல்வராயனில் இரண்டும் இல்லை. மலைக்கு மழை உண்டு. சமவெளியின் ஆறுகளுக்கு நீர் கொடுப்பதே அந்த மலைதான். கோமுகியும் மணிமுக்தாவும் இங்கே பிறந்து ஒன்றுகூடி, விருத்தாசலத்தைத் தொட்டு, வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகின்றன. ஆத்தூரைக் கடந்து வரும் வசிட்ட நதிக்கும் இம்மலையின் தென்சரிவுகள் நீர் தருகின்றன. ஆக, சமவெளிக்குத் தண்ணீரை முதலில் கொடுத்த நிலத்துக்குத்தான் சமவெளியின் சாலை கடைசியில் வந்தது.

அந்தச் சாலையின் தொடக்கம் முழு மருதம். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம் செல்லும் வழியில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் மாறிமாறி வருகின்றன. கச்சிராயபாளையத்தில் இயங்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் அரவைப் பருவத்தில் சாலையை நிறைத்துவிடும். கள்ளக்குறிச்சியின் இன்னொரு கூட்டுறவு ஆலை தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டில் இருப்பது, இவ்வட்டாரத்தின் கரும்பு எந்த அளவுக்கு ஆற்றுநீரைச் சார்ந்தது என்பதைக் காட்டும். கச்சிராயபாளையத்தை அடுத்து மலையின் காலடியில் கோமுகி அணை நிற்கிறது. 1960களில் கட்டப்பட்ட இந்த 46 அடி அணை பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தருகிறது. அணையில் நிற்பவருக்கு முன்னால் மலை, பின்னால் வயல்.

அணைக்கு அப்பால் பரிகம் பகுதியிலிருந்து சாலை காட்டுக்குள் நுழைகிறது. தமிழ் மரபின் நிலப்பகுப்பு இங்கே மிகத் துல்லியமாகப் பொருந்துவதைக் காணலாம். பாலை என்பது தனி நிலமாகக் கொள்ளப்படவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து அடையும் நிலையே பாலை என்பது இளங்கோவடிகள் முதல் உரையாசிரியர்கள் வரை பேசப்பட்ட கருத்து. கல்வராயனின் அடிவாரச் சரிவுகளில் பங்குனி, சித்திரை மாதங்களில் இதை நேரில் பார்க்கமுடியும். உசிலும் வெள்வேலும் வெப்பாலையும் கலந்த முட்காடு இலையுதிர்த்து நிற்கும். மூங்கில் தூறுகள் வெளுத்திருக்கும். ஓடைகளில் உருண்டைக் கற்கள் மட்டும் கிடக்கும். சாலை கொண்டைஊசி வளைவுகளில் ஏறஏற மரங்களின் உயரமும் நிழலும் கூடுகின்றன. மேட்டுநிலத்தின் உயர்ந்த மடிப்புகளில் ஈரம் வற்றாத சோலைத் துண்டுகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. ஒரு மணி நேர ஏற்றத்துக்குள் மருதத்தையும் பாலையையும் குறிஞ்சியையும் தொட்டுவிடும் சாலைகள் தமிழகத்தில் வேறு சிலவும் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே ஆற்றின் கதையாக அமைவது இச்சாலையின் தனி அழகு. வழியில் வரும் பெரியார் நீர்வீழ்ச்சியும், நடந்து இறங்கிப் பார்க்கவேண்டிய மேகம் நீர்வீழ்ச்சியும் கீழே வயலில் பாயும் நீரின் முந்தைய நிலைகளே.

மலையின் உடல் சார்னோகைட் என்னும் மிகப் பழைய கடினப் பாறை. பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவான இப்பாறைக்கு, கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை என்பதால் தாமஸ் ஹாலண்ட் அப்பெயரிட்டார். சென்னையின் பரங்கிமலையும் இதே பாறைதான். பாறை கடினமானதால் சரிவுகள் செங்குத்தாக நிற்க, மேலே சமதளமான மேட்டுநிலம் உருவாயிற்று. ஏறுவதற்குக் கடினமாகவும் ஏறியபின் உழுவதற்கு எளிதாகவும் இருக்கும் இந்த அமைப்பே மேலே ஒரு தனி வேளாண் சமூகம் நிலைத்ததற்கு அடிப்படை.

அச்சமூகத்தவர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளிலேயே இப்பெயர் வழங்குகிறது, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறியதாக இவர்களிடையே வழங்கும் மரபை எட்கார் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில் பதிவுசெய்துள்ளார். கரியராமர் இவர்களின் பெருந்தெய்வம். ஏர் ஓட்டக்கூடிய நிலத்தை உழவுக்காடு என்றும், சரிவில் கொத்தினால் மட்டும் கிளறக்கூடிய நிலத்தைக் கொத்துக்காடு என்றும் பிரித்து, சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்தார்கள். கடுக்காய், புளி, தேன் ஆகியன காட்டிலிருந்து வந்தன. தோல் பதனிடுவதற்கு வேண்டிய துவர்ப்புச் சத்து கடுக்காயில் இருப்பதால், சாலை வருவதற்கு வெகுகாலம் முன்பே இம்மலையின் கடுக்காய் தலைச்சுமையாகக் கீழே இறங்கிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இங்கேதான் ஆட்சியின் கதை தொடங்குகிறது. பழைய தென்னார்க்காடு மாவட்டப் பக்கத்துக் கல்வராயன், சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. ஜாகீர் என்பது வரி வாங்கும் உரிமையோடு பரம்பரையாக அனுபவிக்க விடப்பட்ட நிலப்பகுதி. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் காலத்துக் கொடையைத் தங்கள் உரிமைக்கு ஆதாரமாக இக்குடும்பத்தினர் கூறிவந்தனர். ஆங்கிலேய அரசு இந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. சமவெளியில் ரயத்துவாரி முறையில் ஒவ்வோர் உழவரின் நிலத்தையும் அளந்து அவரிடமே நேராக வரி வாங்கிய அதே அரசு, மலையில் ஏரையும் கொத்தையும் எண்ணி வரி தண்டும் அதிகாரத்தை ஜாகீர்தார்களிடமே விட்டுவைத்தது. அளவைச் சங்கிலியும் பட்டாவும் கணக்குப் பிள்ளையும் கோமுகிக் கரையோடு நின்றுகொண்டதால், மேலே உழுதவரின் கையில் தம் நிலம் என்று காட்ட ஒரு தாளும் இல்லை. ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைக்கும் கடமையும் அவர்மீது இருந்தது.

விடுதலைக்குப் பின்னரும் இது உடனே மாறவில்லை. இனாம் எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் 1963-இல் வந்தது, ஜாகீர்தார்கள் வழக்காடினர், 1976-இல்தான் மலை முழுமையாக அரசின் நிருவாகத்துக்குள் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் அதே 1976-இல். குடியரசு பிறந்து கால்நூற்றாண்டுக்குப் பிறகும் கள்ளக்குறிச்சியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் மலையில் வேறோர் ஆட்சி நடந்தது என்பது, தமிழக வரலாற்று நூல்கள் தரவேண்டிய இடத்தைத் தராமல் விட்ட செய்தி. சென்னை மாகாணத்து ஜமீன்களைப் பற்றி அலமாரி நிறைய எழுதியிருக்கிறோம். இந்த மலை ஜாகீர்களைப் பற்றிய எழுத்து ஒரு கைக்குள் அடங்கும்.

இச்செய்தி பொதுவெளிக்கு மீண்டும் வந்தது ஒரு துயரத்தின் வழியாக. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் வேதிப்பொருள்; மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சும் சாராயத்தில் நேர்ந்த விபத்தாக இதைக் கொள்ளமுடியாது. இருந்தும், கள்ளச் சாராயம் என்ற பேச்சு எழுந்தவுடன் எல்லோர் பார்வையும் கல்வராயன் பக்கம் திரும்பியது. அதைத் தொடர்ந்து சென்னை உயர் நீதிமன்றம், மலைமக்களின் வாழ்நிலையைக் குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலை, மருத்துவம், கல்வி ஆகியவை பற்றி அரசிடம் விளக்கம் கேட்டது. ஜாகீர் ஆட்சி நீடித்ததும், வாக்குரிமை மிகத் தாமதமாக வந்ததும் நீதிமன்றத்தின் முன் பேசப்பட்டன. காய்ச்சுபவரைப் பிடிக்கப் போன வாகனங்கள் ஏறிய பாதைகளில் பேருந்து ஏன் ஏறவில்லை என்ற கேள்வி, இந்த வழக்குக்குப் பிறகாவது அதிகாரப்பூர்வமாக எழுந்தது.

சாலையின் தேவையை மலையின் இன்றைய முதன்மைப் பணப்பயிரான மரவள்ளியைக் கொண்டு மிகத் தெளிவாக விளக்கலாம். சாமையும் தினையும் வீட்டுக்கு விளைந்தவை. குதிரில் கொட்டிவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மரவள்ளிக் கிழங்கு அப்படியன்று. மண்ணிலிருந்து பிடுங்கிய ஓரிரு நாளில் அதன் உள்ளே நீலக் கோடுகள் ஓடத் தொடங்கிவிடும், மாவுச்சத்து குறையும். ஆத்தூர், சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை எடைக்கு மட்டும் வாங்குவதில்லை. மாதிரிக் கிழங்கைத் தண்ணீரில் எடைபோட்டு மாவுச்சத்தின் அளவைக் கணித்து, அதற்குப் 'பாயிண்ட்' என்று பெயரிட்டு, பாயிண்டுக்கு இவ்வளவு என விலை வைக்கிறார்கள். மண்பாதையில் மழை பெய்து லாரி ஊருக்குள் வரமுடியாமல் போனால், கிழங்கு சாலையோரத்தில் குவியலாகக் கிடக்கும். அது கிடக்கும் ஒவ்வொரு நாளும் பாயிண்ட் இறங்கும். தார்ச்சாலை வரை கிழங்கைச் சுமந்து சேர்க்கும் கூலியும் உழவரின் கணக்கில்தான் ஏறும். 1981-இல் சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளருக்காகத் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவு, ஆலைகளுக்கு ஒரு பொதுச் சந்தையைத் தந்தது. ஆலைவாசல் வரை கிழங்கைக் கொண்டுசேர்க்கும் மலை உழவருக்கு அப்படியொரு பிடிமானம் கிடைக்கவில்லை. விளைச்சலில் வாழமுடியாதவர்கள் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு இறங்குகிறார்கள்.

வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் செல்லும் முதன்மைச் சாலை இன்று நன்றாகவே இருக்கிறது. கரியாலூரில் படகுத் துறையும் பூங்காவும் உண்டு. கோடை விழா நடக்கிறது. விடுமுறை நாள்களில் சமவெளியிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக ஏறுகின்றன. மேற்கே தொடர்ந்து சென்றால் சேலம் மாவட்டத்துக் கருமந்துறையில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட அரசுப் பழப்பண்ணையைக் காணலாம். வடகிழக்கே சேராப்பட்டு வழியாகச் சங்கராபுரத்துக்கு இறங்கலாம். சுற்றுலா வருவதில் தவறொன்றும் இல்லை. தேனும் பலாவும் விற்கும் பெண்களுக்கு அதனால் வருமானம் உண்டு. ஆனால் பயணியின் கண்ணுக்குப் படும் இந்தச் சாலை மலையின் முதுகெலும்பு மட்டுமே. அதிலிருந்து பிரிந்து குக்கிராமங்களுக்குச் செல்லவேண்டிய இணைப்புப் பாதைகள் பல இன்னும் மண்ணாகவும் கல்லாகவும் கிடக்கின்றன. பிரசவ வலி எடுத்த பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் கம்பில் துணிகட்டித் தூளியாகச் சுமந்து வருவது இப்பாதைகளில்தான்.

இணைப்புப் பாதைகள் தாமதமாவதற்குப் பணப் பற்றாக்குறையைவிட விதிகளின் அமைப்பே பெரிய காரணம். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேரும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 250 பேரும் வாழும் குடியிருப்புகளை அளவுகோலாகக் கொண்டது. மலையாளி ஊர்கள் கொத்துக்காட்டை ஒட்டிச் சிறுசிறு குடியிருப்புகளாகச் சிதறியிருப்பவை; பல அந்த எண்ணிக்கையைத் தொடுவதில்லை. அளவுகோலைத் தாண்டினாலும் அடுத்த தடை காடு. பாதை காப்புக்காட்டுக்குள் சிறிது தூரம் சென்றாலும், 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி தேவை. அக்கோப்பு நகரும் வேகத்தில், திட்டத்துக்கு ஒதுக்கிய தொகையின் காலக்கெடு முடிந்துவிடும்.

இதற்கு ஒரு விலக்கை நாடாளுமன்றமே தந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வகை அடிப்படை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டப்படாத நிலையில், கிராமசபையின் பரிந்துரையோடு வழங்க வழிசெய்கிறது. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆறு மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுத்தால் 1.6 கி.மீ. நீளப் பாதையை இதற்குள் அமைக்கலாம். மண்ணாய்க் கிடக்கும் இணைப்புகளில் காட்டுக்குள் விழும் பகுதி பல இடங்களில் இவ்வளவுக்குள் அடங்கக்கூடியதே. தமிழகத்தில் இச்சட்டத்தின் செயலாக்கம் உயர் நீதிமன்ற இடைக்கால ஆணையால் 2008 முதல் முடங்கி, 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிய பிறகே நகரத் தொடங்கியது என்பதால், கல்வராயன் மலை ஊர்களில் இப்பிரிவு போதிய அளவு அறியப்படவே இல்லை.

காட்டைப் பற்றிய கவலையும் இங்கே பொருட்படுத்தத் தக்கதே. சோலைத் துண்டுகளின் ஊடாக அகலமான சாலை போட்டால் கோமுகியின் ஊற்றுக்கண்ணே பாதிக்கப்படும். கீழேயுள்ள பத்தாயிரம் ஏக்கருக்கும் அது நட்டம். ஆனால் அந்த ஆபத்து சுற்றுலாவுக்காக முதன்மைச் சாலையை விரிவாக்குவதில்தான் மிகுதி. ஏற்கெனவே மக்கள் நடந்து தேய்ந்த தடத்தில் ஒற்றைவழிப் பாதை அமைப்பதில் மிகக் குறைவு. எனவே ஒதுக்கப்படும் முதல் ரூபாய் இணைப்புப் பாதைக்குப் போகவேண்டும். ஒவ்வொரு மலைக் கிராமசபையும் தனக்கு வேண்டிய பாதையின் நீளத்தையும் வெட்டப்படும் மரங்களின் எண்ணிக்கையையும் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றி வனச்சரக அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். பிரிவு 3(2)-இன்கீழ் அனுமதி வழங்கும் அதிகாரம் மாவட்ட வன அலுவலரிடமே இருக்கிறது. அவர் மறுத்தால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு முடிவெடுக்கும். கோப்பு கள்ளக்குறிச்சியைத் தாண்டிச் செல்லவேண்டிய தேவை இல்லை.